ஓட்டு முறையை அந்தந்த நகரமே தேர்ந்தெடுத்துக்கொள்ள விடலாமா?

எண்ணிப்பார் (கேள்வி):

நேற்று ராத்திரி நண்பரோடு ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் முடிந்தபாடில்லை, அதனால் இங்கே இழுத்துக்கொண்டு வருகிறேன். எல்லா நகரத்துக்கும் ஒரே தேர்தல் முறை என்று மேலே இருக்கிற அரசு சட்டம் போடுகிறது. அப்படி இல்லாமல், "எங்கள் கவுன்சிலரையும் மேயரையும் எந்த முறையில் தேர்ந்தெடுப்பது என்று நாங்களே முடிவு செய்துகொள்கிறோம்" என்று ஒரு நகரம் கேட்டால் விடலாமா, கூடாதா?

நான் விடலாம் என்கிற கட்சி. ஒரு நகரத்தில் வார்டுக்கு ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், ஓட்டு சிதறுகிறது, ஜெயித்தவரை முக்கால்வாசிப் பேருக்குப் பிடிக்காது. இன்னொன்றில் நிற்கவே ஆள் கிடைப்பதில்லை, வார்டுக்கு வார்டு போட்டியின்றித் தேர்வு. மூன்றாவதில் கட்சி என்கிற பேச்சே கிடையாது, அத்தனை பேரும் சுயேச்சை. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரையா?

அமெரிக்காவில் பார்கோ என்ற நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் நகர ஆணையத்தின் ஒரு இடத்துக்கு ஆறு பேர் போட்டி போட்டு, வெறும் 22 சதவீதம் வாங்கியவர் ஜெயித்துவிட்டார். அது ஊரில் பெரிய பேச்சாகி, 2018-ல் மக்களிடமே கேட்டு முறையை மாற்றினார்கள். சீட்டில் உங்களுக்குச் சம்மதமானவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் டிக் போடலாம், யாருக்கு டிக் அதிகமோ அவர் ஜெயித்தார். இவ்வளவுதான் விஷயம். எந்தத் தலைநகரத்திலாவது யாராவது உட்கார்ந்து யோசித்து இதைக் கொண்டுவந்திருப்பார்களா?

நண்பர் சொல்வது: "ஆட்டக்காரனே விதியை எழுதினால் அதற்குப் பேர் ஆட்டமா? இன்றைக்கு ஜெயித்தவன் நாளைக்கும் ஜெயிக்கிற மாதிரிதான் எழுதுவான்." இதற்கு எனக்குச் சரியான பதில் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எந்தப் பக்கம் என்றாலும் பரவாயில்லை.


தெற்குக்காற்று:

நான் இருப்பது நியூசிலாந்தில், இங்கே இது இருபது வருஷத்துக்கு மேலாக நடைமுறையில் இருக்கிறது. 2001-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி ஒவ்வொரு கவுன்சிலும் இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஒன்று பழைய முறை, அதாவது டிக் போட்டு அதிகம் வாங்கியவர் ஜெயிப்பது. இன்னொன்று ஒற்றை மாற்று வாக்கு, அதாவது வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுவது. யாருக்கும் போதுமான ஓட்டு இல்லை என்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் சீட்டுகளை அதில் அடுத்து எழுதியவருக்கு மாற்றி, சுற்றுச் சுற்றாக எண்ணுவார்கள். முதல் தடவை 2004-ல் பத்து கவுன்சில்கள் வரிசை முறைக்குப் போயின. வெலிங்டனும் டனிடனும் அன்றிலிருந்து அதில்தான் இருக்கின்றன, சில ஊர்கள் பிடிக்காமல் பழையதற்கே திரும்பிவிட்டன, ஹாமில்டன் 2022-ல்தான் சேர்ந்தது. ஒன்றும் குடி முழுகிப் போய்விடவில்லை.

உங்கள் நண்பரின் கேள்விக்கு இந்தச் சட்டத்திலேயே ஓரளவு பதில் இருக்கிறது. கவுன்சில் நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. தேர்தலுக்கு இரண்டு வருஷம் முன்பு, செப்டம்பர் 12-க்குள் தீர்மானம் போட்டாக வேண்டும், போட்டால் அடுத்த இரண்டு தேர்தலுக்கு அதுதான். மூன்று வருஷத்துக்கு ஒரு தேர்தல் என்பதால், இன்றைக்கு மாற்றுகிறவர் அந்த லாபத்தைச் சாப்பிட ஊரில் இருப்பாரா என்பதே சந்தேகம். அதோடு ஐந்து சதவீத வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் ஓட்டெடுப்பு நடத்தியே ஆக வேண்டும், அதில் வருகிற முடிவு கவுன்சிலைக் கட்டுப்படுத்தும். வெலிங்டனில் இந்த முறை வந்ததே மக்கள் ஓட்டெடுப்பில்தான்.

ஆனால் ஒரு தொல்லையை மறைக்கக் கூடாது. முன்பு நான் ஆக்லாந்தில் இருந்தபோது தபாலில் ஒரே உறை வரும். மேயருக்கும் கவுன்சிலுக்கும் டிக் போட வேண்டும். அதே உறையில் சுகாதார வாரியத்துக்கு எண் எழுத வேண்டும், ஏனென்றால் அப்போது வாரியத் தேர்தல் நாடு முழுக்க வரிசை முறையில்தான் நடந்தது. படித்தவர்களே சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு "இதில் டிக்கா, எண்ணா" என்று விழித்ததைப் பார்த்திருக்கிறேன். என் அம்மா எல்லாவற்றிலும் டிக் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார். எந்த முறையாக இருந்தாலும் பழகிவிடலாம், ஒரே நாளில் இரண்டு முறை என்பதுதான் மனிதர்களைக் குழப்புகிறது.


பழைய பேப்பர்:

எண்ணிப்பார், பார்கோ கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. 2025-ல் நார்த் டகோட்டா மாநிலம் ஒரு சட்டம் போட்டு அந்த டிக் முறையையும் வரிசை முறையையும் சேர்த்தே தடை செய்துவிட்டது. நகரத்து மக்கள் ஓட்டுப் போட்டு எடுத்த முடிவு, 2020-லிருந்து அவர்கள் புகார் இல்லாமல் நடத்தி வந்த தேர்தல், எல்லாம் ஒரு கையெழுத்தில் காலி.

இது ஒரு ஊர்க் கதை இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 2016-ல் நகரங்கள் வரிசை முறையை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. நானூற்றுச் சொச்சம் உள்ளாட்சிகளில் 2018-ல் துணிந்தது லண்டன் ஒன்றுதான் (இங்கிலாந்து லண்டன் இல்லை, அங்கேயும் ஒரு லண்டன் உண்டு). மேயரை முடிவு செய்ய 14 சுற்று எண்ணினார்கள், கடைசியில் முதல் சுற்றில் முந்தியவரே ஜெயித்தார். அதே நாளில் கிங்ஸ்டனிலும் கேம்பிரிட்ஜிலும் மக்களைக் கேட்டார்கள், இரண்டு ஊரும் சரி என்றது. 2020-ல் மாகாண அரசு அந்த வழியையே மூடிவிட்டது. கிங்ஸ்டன் ஆசைப்பட்டதோடு சரி. அமெரிக்காவின் மெம்பிஸ் இன்னும் பரிதாபம். 2008-ல் மக்கள் வேண்டும் என்றார்கள், 2018-ல் அதை நீக்கலாமா என்று கேட்டபோதும் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள், 2022-ல் டென்னசி மாநிலம் தடை போட்டது. நடுவில் ஒரு தேர்தல்கூட அந்த முறையில் நடக்கவில்லை.

ஆக, நகரம் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்பதற்கு முன்னால், தேர்ந்தெடுத்ததை வைத்துக்கொள்ள விடுவார்களா என்று கேளுங்கள். அரசியல் சட்டத்தில் எழுதி வைக்காதவரைக்கும் நகரத்தின் கையில் இருப்பது இரவல் நகைதான், கொடுத்தவர் கேட்டால் கழற்றிக் கொடுக்க வேண்டியதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, உள்ளூரே நல்லதைக் கெடுத்த கதை. 1915-ல் ஓஹியோவின் அஷ்டபுலாவில் ஆரம்பித்து, அமெரிக்காவில் இருபதுக்கு மேற்பட்ட நகரங்கள் விகிதாசார முறைக்கு (ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடம் கிடைக்கிற மாதிரி, பல இடங்களுக்குச் சேர்த்து நடத்துகிற வரிசை முறை) மாறின. நியூயார்க் 1936-ல் ஓட்டெடுப்பில் மாற்றியது. அதற்கு முந்தின தேர்தலில் ஒரே கட்சி மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கி 95 சதவீத இடத்தை அள்ளியிருந்தது, அந்த எரிச்சல். புது முறையில் சின்னக் கட்சிகளும் உள்ளே வந்தன, கம்யூனிஸ்டுகள் உட்பட. அவ்வளவுதான், பனிப்போர் ஆரம்பித்த 1947-ல் அதையே காட்டிப் பயமுறுத்தி முறையை நீக்கிவிட்டார்கள். சின்சினாட்டி கதை இதைவிடக் கசப்பு. தியடோர் பெர்ரி என்ற கறுப்பின வழக்கறிஞர் அங்கே கவுன்சிலுக்கு வந்து துணை மேயரும் ஆனார். இந்த முறை இருந்தால் இவர்தான் அடுத்த மேயர் என்கிற பிரசாரம் 1957-ல் கிளம்பியது, ஊர் ஓட்டுப் போட்டு முறையை ஒழித்தது, அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். 1972-ல்தான் அவரால் மேயர் நாற்காலியில் உட்கார முடிந்தது. அதாவது பெரும்பான்மைக்குப் பிடிக்காத சிறுபான்மை உள்ளே வந்துவிட்டது என்பதற்காகவே பெரும்பான்மை கதவைச் சாத்தியது, முழுக்க முழுக்க உள்ளூர் ஜனநாயகத்தின் மூலம்.


வெட்டி ஆபீசர்:

எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்கே செயலாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மூன்று கூட்டம் போட்டோம், நான்காவது கூட்டத்தில் பழைய செயலாளரே தொடரட்டும் என்று விட்டுவிட்டோம். நகரத்துக்கு எத்தனை கூட்டம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.


எதிர்க்கட்சி:

வெட்டி ஆபீசர் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. முடிவை கவுன்சிலர்கள் கையில் கொடுத்தால் பழைய செயலாளர்தான் தொடர்வார். வேல்ஸைப் பாருங்கள். 2021 சட்டப்படி அங்கே 22 கவுன்சில்களும் வரிசை முறைக்கு மாறலாம், ஆனால் கவுன்சிலர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஆதரிக்க வேண்டும். சில கவுன்சில்கள் மக்களிடம் கருத்துக்கூடக் கேட்டன. 2027 தேர்தலுக்கு மாறியவை எத்தனை? ஒன்றுகூட இல்லை. ஒரு முறையில் ஜெயித்து வந்தவர்களிடமே போய், நீங்கள் ஜெயித்த முறை சரியில்லை என்று கையைத் தூக்குங்கள் என்றால் யார் தூக்குவார்கள்?

பக்கத்திலேயே ஸ்காட்லாந்து. அங்கே யாரையும் கேட்கவில்லை, 2004-ல் சட்டம் போட்டு 32 கவுன்சில்களுக்கும் 2007 முதல் வரிசை முறைதான். எண்ணிப்பார் சொன்னாரே ஆளே நிற்காத வார்டு, 2003-ல் அப்படி 61 வார்டுகள் இருந்தன, 2007-ல் ஒன்றும் இல்லை. ஆகவே தைரியமாக மேலிருந்து செய்வதுதான் வேலைக்கு ஆகும், "நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்" என்பது கை கழுவுகிற வேலை.

இன்னொன்று. மக்கள் ஒரு முறையைத் தேர்ந்தெடுப்பது அந்த முறையின் குணத்தைப் பார்த்து இல்லை, போன தேர்தலில் வந்த கோபத்தைப் பார்த்து. வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் 2009 மேயர் தேர்தல் வரிசை முறையில் நடந்தது. முதல் சுற்றில் ரைட் 2,951, கிஸ் 2,585, மான்ட்ரோல் 2,063. மூன்றாவதாக இருந்த மான்ட்ரோல் வெளியே போனார், அவர் ஓட்டுகள் பிரிந்து கடைசியில் கிஸ் 4,313, ரைட் 4,061. கிஸ் ஜெயித்தார். சரி, இதில் என்ன என்பீர்கள். அதே சீட்டுகளை எடுத்து இரண்டிரண்டு பேராக ஒப்பிட்டால் மான்ட்ரோல் ரைட்டையும் ஜெயிக்கிறார், கிஸ்ஸையும் ஜெயிக்கிறார்! எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்தவர் முதல் வரிசை குறைவு என்பதால் வெளியே. ஊர் கொதித்தது, அடுத்த வருஷமே மெல்லிய வித்தியாசத்தில் முறையைத் தூக்கியெறிந்தது. பதினோரு வருஷம் கழித்து 2021-ல் கவுன்சில் தேர்தலுக்கு அதையே திரும்பக் கொண்டுவந்தார்கள். சட்டையா இது, தினம் மாற்ற?


எண்ணிக்கை அறை:

தத்துவம் எல்லோரும் பேசுகிறீர்கள், சீட்டை எண்ணுகிறவன் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். ஒரு தொழில் சங்கத் தேர்தலில் வரிசை முறைச் சீட்டுகளைக் கையால் எண்ணியிருக்கிறேன். மூன்று இடம், 1,200 செல்லும் ஓட்டு. 1,200-ஐ நான்கால் (மூன்று இடம், கூட ஒன்று) வகுத்து ஒன்று கூட்டினால் 301, அதுதான் ஜெயிக்க வேண்டிய அளவு. ஒருவர் 400 வாங்கினால் அவருக்கு 99 உபரி, அந்த உபரி அவரவர் சீட்டில் அடுத்து எழுதியவருக்குப் போக வேண்டும். எந்த 99 சீட்டு? இந்த ஒரு கேள்விக்கு ஊருக்கு ஊர் விடை வேறு. சில இடத்தில் குலுக்கி எடுப்பார்கள், சில இடத்தில் 400 சீட்டையும் பின்னத்தில் மாற்றுவார்கள். நியூசிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே, அவர்கள் வைத்திருக்கிற கணக்கைக் கம்ப்யூட்டர் இல்லாமல் போடவே முடியாது. 2004-ல் அங்கே எண்ணிக்கை இழுத்தடித்து நாடாளுமன்ற விசாரணை வரைக்கும் போனதே, தெற்குக்காற்று அதைச் சொல்லாமல் நழுவிவிட்டார்.

அமெரிக்காவின் ஓக்லாந்தில் (நியூசிலாந்தின் ஆக்லாந்து இல்லை) 2022 பள்ளி வாரியத் தேர்தலில் நடந்தது இன்னும் மோசம். முதல் விருப்பக் கட்டத்தைக் காலியாக விட்டு இரண்டாவதிலிருந்து எழுதியவர்களின் சீட்டை என்ன செய்வது என்பதில் கம்ப்யூட்டர் அமைப்பு தப்பாக இருந்திருக்கிறது. தோற்றவரை ஜெயித்ததாக அறிவித்துச் சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள், நீதிமன்றம் போய்த்தான் சரியானது. நியூயார்க்கில் 2021 மேயர் உட்கட்சித் தேர்தலில் சோதனைக்கு வைத்திருந்த சுமார் 1,35,000 சீட்டுகளை அழிக்காமல் எண்ணிக்கையில் சேர்த்துவிட்டு, அப்புறம் முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

இதற்கெல்லாம் காரணம் வரிசை முறை இல்லை, எண்ணுகிற அலுவலகத்துக்கு அது பழக்கமில்லாததுதான். ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு முறை என்றால், மாவட்டம் முழுக்க எண்ணித் தருகிற அதே ஏழெட்டுப் பேர் நான்கு விதமான சாப்ட்வேரும் நான்கு விதமான பயிற்சியும் வைத்திருக்க வேண்டும். அதனால் என் ஆலோசனை சின்னது. நகரம் தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் மாநிலம் சோதித்து வைத்த இரண்டு மூன்று முறைகளிலிருந்து. உபரியை எப்படிப் பிரிப்பது, காலிக் கட்டத்தை எப்படிப் பார்ப்பது எல்லாம் சட்டத்திலேயே ஒரே மாதிரி இருக்கட்டும். ஹோட்டலில் பட்டியலைப் பார்த்து ஆர்டர் செய்யலாம், சமையலறைக்குள் போய்க் கரண்டியைப் பிடிக்கக் கூடாது.


தெற்குக்காற்று:

எண்ணிக்கை அறை, நழுவவில்லை, மறந்துவிட்டேன் :) 2004 தாமதம் உண்மைதான். அடுத்த தேர்தலில் சரிசெய்துவிட்டார்கள்.

எதிர்க்கட்சி சொன்ன பர்லிங்டன் விஷயத்தில் ஒன்று. அந்தக் குறை ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கிறபோது வருகிறது. கவுன்சிலுக்கு ஒரு வார்டில் மூன்று நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது மான்ட்ரோல் மாதிரி ஆள் பெரும்பாலும் உள்ளே வந்துவிடுவார். மூன்று இடத்துக்கு மூன்று டிக் என்கிற பழைய முறையோடு ஒப்பிடுங்கள். 40 சதவீதம் பேர் ஒற்றுமையாக ஒரே அணியின் மூன்று பேருக்கு டிக் போட்டு, மீதிப் பேர் சிதறினால், மூன்று இடமும் அந்த அணிக்கே. இதை யாரும் குறை என்றே சொல்வதில்லை, பழகிப்போய்விட்டது.

வேல்ஸில் தடுத்தது மூன்றில் இரண்டு என்கிற அளவு. எங்களுக்கு அது சாதாரணப் பெரும்பான்மை, அதோடு மக்கள் கையெழுத்து வழி. அந்த இரண்டாவது வழி இல்லாமல் இருந்திருந்தால் வெலிங்டனும் இன்னும் டிக் போட்டுக்கொண்டுதான் இருக்கும்.


எண்ணிப்பார்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இருந்த இடத்தில் இன்று நான் இல்லை. "நகரம் தேர்ந்தெடுக்கட்டும்" என்று நான் சொன்னபோது நகரம் என்றால் யார் என்று யோசிக்கவே இல்லை. கவுன்சிலர்கள் என்றால் நண்பர் சொன்னதுதான் சரி, வேல்ஸே சாட்சி. மக்கள் கையெழுத்தும் ஓட்டெடுப்பும் என்றால், மாற்றிய முறை இரண்டு தேர்தல் நிற்க வேண்டும், எண்ணுகிற விதிகள் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டுகளோடு, நான் இன்னும் விடலாம் கட்சிதான். ஸ்காட்லாந்து மாதிரி மேலிருந்து நல்லது வந்தால் சந்தோஷம், ஆனால் டென்னசியிலும் மேலிருந்துதானே வந்தது?

சின்சினாட்டிக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. மக்கள் ஓட்டெடுப்பு வேண்டும் என்கிறேன், அங்கே கதவைச் சாத்தியதும் மக்கள் ஓட்டெடுப்புதான். நீக்குவதற்கு மட்டும் கூடுதல் பெரும்பான்மை வைக்கலாமா என்றால், உடனே வேல்ஸ் ஞாபகம் வருகிறது.

கடைசியாக ஒரு சந்தேகம், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். வரிசை முறையில் மூன்று பேரில் ஒருவர் நடுவில் விலகிவிட்டால் இடைத்தேர்தலா? அப்படி நடத்தினால் அந்த இடம் பெரும்பான்மை அணிக்குத்தானே போகும், சிறுபான்மை கஷ்டப்பட்டு வாங்கிய இடமாக இருந்தாலும்?


பழைய பேப்பர்:

ஊருக்கு ஊர் வேறு. நியூசிலாந்தில் இடைத்தேர்தல்தான், நீங்கள் பயப்படுகிற விஷயம் அங்கே நடக்கலாம். மாசசூசெட்ஸில் உள்ள கேம்பிரிட்ஜ் 1941-லிருந்து இந்த முறையை விடாமல் வைத்திருக்கிறது, பல தடவை நீக்கப் பார்த்தும் ஊர் விடவில்லை. ஒன்பது கவுன்சிலர்களில் ஒருவர் விலகினால், அவரை ஜெயிக்க வைத்த சீட்டுகளை மட்டும் பெட்டியிலிருந்து திரும்ப எடுத்து, அந்த வாக்காளர்கள் அடுத்து யாரை எழுதியிருக்கிறார்கள் என்று தோற்ற வேட்பாளர்களுக்குள் எண்ணுவார்கள். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களே அடுத்த ஆளையும் தேர்ந்தெடுக்கிறார்கள், புதிதாகத் தேர்தல் கிடையாது.